சைடு வீல் ஸ்கூட்டர்: புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போக எது சரிப்படும்?

சமாதானபுரம் / 2025 ஜூன் 3, இரவு 9.40

எனக்கு இடது கால் போலியோ, வலது கால் நல்லா ஊன்றும். நானும் வீட்டுக்காரியும் சேர்ந்து போக வண்டி வேணும். கையில பழைய ஆக்டிவா 5ஜி ஒண்ணு கிடக்கு, அதுலேயே கிட் (பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் சைடு வீல் சேர்க்குத செட்) மாட்டுன்னு தம்பி சொல்லுதான். புது வண்டி எடுத்து மாட்டுவோம்னு அவ சொல்லுதா. ஆறு மாசத்துல சென்னைக்கு மாறணும், வண்டியும் கூட வரணும். என் கட்சி இதுதான்: எந்த வண்டியா இருந்தாலும் சைடு வீலைத் தரையில இருந்து அரை இஞ்சு தூக்கி மாட்டிட்டா பிரச்சினையே இல்லை. சரிதானே?

மேலப்பாளையம் பட்டறை / ஜூன் 3, இரவு 10.15

அரை இஞ்சு, யாரு உட்கார்ந்திருக்கும்போது?

சமாதானபுரம் / ஜூன் 3, இரவு 10.20

யாரும் உட்காராம. காலி வண்டியில.

மேலப்பாளையம் பட்டறை / ஜூன் 4, காலை 6.50

அங்கதான் அண்ணாச்சி கோளாறு.

ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்ல எஞ்சினும் பின் சக்கரமும் ஒரே கட்டையா பின் ஷாக்குல தொங்கிக்கிட்டு இருக்கு. கிட்டோட பிரேம் சேருதது சேஸிஸோட, அதான் வண்டியோட இரும்புச் சட்டத்தோட. ஆள் உட்கார்ந்தா சேஸிஸ் இறங்கும், சைடு வீலும் கூடவே இறங்கும். நடுச் சக்கரம் மட்டும் தன் ஸ்பிரிங்குல உள்ளே ஏறிக்கிடும். காலியில இருந்த அரை இஞ்சுச் சந்து நீங்க ஒருத்தர் உட்கார்ந்ததுமே போயிரும். பின்னால மைனியும் ஏறினா பாரத்துல பாதி சைடு வீல் மேல நிக்கும்.

நின்னா என்னன்னு கேப்பீங்க. எஞ்சின் இழுக்குதது நடுச் சக்கரத்தை மட்டும். பின் பிரேக் இருக்கிறதும் அந்தச் சக்கரத்துல மட்டும்தான், பெரும்பாலான கிட்டுல சைடு வீலுக்குப் பிரேக்கே கிடையாது. நடுவுல பாரம் குறைஞ்சா மழையில டயர் சுத்தும், பிரேக் பிடிச்சா சறுக்கும். குழியில நடுச் சக்கரம் இறங்கி, சைடு வீல் ரெண்டும் மேட்டுல நின்னா வண்டி அந்தரத்துல தொங்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினா சத்தம்தான் வரும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடின தெருவுல இது தினப்படிக் கூத்து.

மேலப்பாளையம் பட்டறை / ஜூன் 4, காலை 7.05

ஒண்ணு விட்டுட்டேன். சைடு வீலுக்குத் தனி ஷாக் உள்ள கிட் மட்டும் வாங்குங்க. ஒரே இரும்புக் கம்பியில ரெண்டு சக்கரத்தையும் வெல்டு பண்ணி மாட்டுத கிட் விலை குறைச்சல்தான். ஒரு பக்கம் கல்லுல ஏறினா வண்டி மொத்தமும் மறுபக்கம் சாயும், இடுப்பு வலி இலவசம்.

சமாதானபுரம் / ஜூன் 4, மதியம் 1.30

அப்போ ஒரு இஞ்சா தூக்கிருவோமா?

மேலப்பாளையம் பட்டறை / ஜூன் 4, இரவு 9.10

இஞ்சுக் கணக்கையே விடுங்க. ரொம்பத் தூக்கினா சிக்னல்ல நிக்கும்போது தொட்டில் மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். கைத்தடியை எடுத்து மாட்டுத நேரத்துல அப்படி ஆடினா உங்களுக்குத்தான் ஆபத்து.

எடை மெஷின் வச்சுப் பாருங்க. வீட்டுல உடம்பு எடை பாக்குத சாதா மெஷின் போதும், ரெண்டு இருந்தா நல்லது. சமமான சிமெண்டுத் தரையில முதல்ல நாலு டயருக்கும் காத்து சரி பாத்துக்கிடுங்க. சைடு வீல் ரெண்டுக்கும் அடியில மெஷின். முன் சக்கரத்துக்கும் நடுச் சக்கரத்துக்கும் அடியில மெஷின் உயரத்துக்கே பலகை. பலகை ஒரு நூல் கூடினாலும் கணக்கு பொய் சொல்லும். பொறவு நீங்களும் மைனியும் ஏறி, வழக்கமா எப்படிப் போவீங்களோ அப்படியே உட்காருங்க. பையை மாட்டுத வழக்கம்னா பையும் மாட்டணும். மூணாவது ஆள் ஒருத்தர் குனிஞ்சு முள்ளைப் பாக்கட்டும்.

எங்க பட்டறைக் கணக்கு: ஒரு பக்கத்துக்கு 15ல இருந்து 25 கிலோ. அதை விட முக்கியம், இடதுக்கும் வலதுக்கும் 5 கிலோவுக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது. வந்தா ஷாக் மேல் போல்ட்டுல வாஷர் கூட்டியோ குறைச்சோ சரி பண்ணலாம். சில கிட்டுல ஸ்லாட் வெட்டியே கொடுத்திருப்பான்.

பின்சீட்டு / ஜூன் 4, இரவு 10.40

சக்கரத்துக்கு எடை போட்டாச்சு. பின்னால உட்காருத ஆளுக்குக் கால் எங்கே வைக்கன்னு யாராவது பாத்தீங்களா?

பாதி கிட்டுல சைடு வீல் கை வர்ற இடத்துலதான் ஃபுட்ரெஸ்ட் இருக்கும். அதைக் கழற்றிப் போட்டுட்டு, இரும்புக் கை மேல காலை வச்சுக்கோன்னு சொல்லுவாங்க. அந்தக் கை மேலயும் கீழயும் ஆடும், காலும் கூட ஆடும். சேஸிஸோட சேர்ந்த தனி ஃபுட்ரெஸ்ட் கேளுங்க. அடுத்தது சேலை. சாரி கார்டையும் கிட்டுக்கு இடம் வேணும்னு எடுத்துருவாங்க. மோட்டார் வாகன விதி 123, பின்னால உட்காருதவங்களுக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின் சக்கரத்துல பாதியையாவது மூடுத தடுப்பு மூணும் வேணும்னு சொல்லுது. இங்க சேலைத் தலைப்பு சிக்க நடுச் சக்கரம் போக இன்னும் ரெண்டு சக்கரம் இருக்கு. சைடு வீல் மட்கார்டு சக்கரத்தோட மேல்பக்கத்தை மட்டும் மூடினா பத்தாது, உள்பக்கமும் தகடு வேணும்.

மேலப்பாளையம் பட்டறை / ஜூன் 4, இரவு 10.55

பின்சீட்டு அக்கா சொல்லுதது சரி. நான் சக்கரத்தைச் சுத்தியே வந்துட்டேன். தகடு 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லிசா இருந்தா அதிர்ச்சியில வெடிப்பு விட்டு டயர்ல உரசும்.

பின்சீட்டு / ஜூன் 5, காலை 8.15

இன்னொண்ணு. கைத்தடிக்கு இடம். ஓட்டுறவர் கை நீட்டி எடுக்குத பக்கத்துல பிவிசி குழாய்த் துண்டு ஒண்ணு, மேல ரப்பர் கிளிப் ஒண்ணு. பின்னால உட்காருதவங்க மடியில கைத்தடியைக் குறுக்கே வச்சுக்கிட்டுப் போனா ரதவீதி கூட்டத்துல எவன் முதுகிலயாவது இடிச்சு, அவன் நம்மைத் திட்டி...

பாவூர்சத்திரம் / ஜூன் 5, காலை 9.00

இவ்வளவு பாடு எதுக்கு வே? ஒரு ஆட்டோ வாங்கிப் போட்டா போச்சு. மூணு சக்கரம்னா மூணே சக்கரம். இதுல பேருக்குத்தான் மூணு சக்கர வண்டி, எண்ணிப் பாத்தா நாலு வருது!

மேலப்பாளையம் பட்டறை / ஜூன் 5, மதியம் 2.20

நாலுதான். முன்னால ஒண்ணு, நடுவுல ஒண்ணு, சைடுல ரெண்டு. பேரு மாறாது.

பகடியா சொன்னாலும் ஆட்டோவுல ஒரு பாடம் இருக்கு. அதுல பின் சக்கரம் ரெண்டும் இழுக்கும், நடுவுல டிஃபரன்ஷியல் இருக்கு. அதனால வளைவுல வெளிச் சக்கரம் கூடச் சுத்தும், உள் சக்கரம் குறைச்சுச் சுத்தும். சிலபேர் ஸ்கூட்டர் பின் சக்கரத்தை எடுத்துட்டு, டிஃபரன்ஷியல் இல்லாம ஒரே அச்சுல ரெண்டு சக்கரம் போட்டு "ஒரிஜினல் மூணு சக்கரம்"னு விப்பாங்க. அது ஹேண்டிலைத் திருப்பினாலும் நேராத்தான் போகப் பாக்கும். அந்த வகை வேண்டாம். நடுச் சக்கரம் இழுத்து, சைடு வீல் சும்மா உருளுத கிட்டுல அந்தத் தொல்லை இல்லை.

சமாதானபுரம் / ஜூன் 5, இரவு 9.30

சரி, பழைய வண்டியா புதுசா? அதைச் சொல்லுங்க.

மேலப்பாளையம் பட்டறை / ஜூன் 6, காலை 6.40

பழைய 5ஜியில ஒரு வசதி உண்டு. முன்னும் பின்னும் 90/100-10 டயர். கிட்டுலயும் 10 இஞ்சு ரிம் கேட்டு வாங்கினா நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு டயர், ஸ்டெப்னி ஒண்ணு போதும். 6ஜியும் அப்படித்தான்.

வசதிக்குறைவு: பெட்ரோல் மூடி சீட்டுக்கு அடியில. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரும் இறங்கணும். 6ஜியில மூடி வெளியே, பின்பக்கம். ஜூபிட்டர் 125ல முன்னாலயே இருக்கு, உட்கார்ந்தபடி ரெண்டு பேரும் பெட்ரோல் போட்டுட்டுப் போயிரலாம். கேட்டா சின்ன விஷயமாத் தெரியும். காலுக்குத் தாங்கலாக் காலிப்பர் மாட்டினவங்களுக்கு வாரம் ரெண்டு தடவை இறங்கி ஏறுதது சின்ன விஷயம் இல்லை.

மேலப்பாளையம் பட்டறை / ஜூன் 6, இரவு 8.00

காலையில சொன்னதுல ஒரு தப்பு. 6ஜிக்கு முன் சக்கரம் 12 இஞ்சு, பின்னால மட்டும் 10. அதனால 6ஜியில ஒரே ஸ்டெப்னி மூணு சக்கரத்துக்குத்தான் ஆகும். 5ஜியைப் பத்திச் சொன்னது சரி.

பழைய வண்டியில கிட் மாட்டுறதுன்னா முதல்ல பாக்க வேண்டியது சேஸிஸ். ஃப்ளோர் போர்டைக் கழற்றி, கிட் பிராக்கெட் உட்காருத இடத்துல குழாயைச் சுத்தியலால பையத் தட்டிப் பாருங்க. மந்தமா சத்தம் வந்தா உள்ளே துரு. மேல பெயிண்ட் பளபளன்னு இருந்தாலும் அதுல கிட் மாட்டாதீங்க. கடற்கரைப் பக்கம், திருச்செந்தூர் உவரின்னு ஓடின வண்டின்னா ரெண்டு தடவை தட்டுங்க. அடுத்தது பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ. கிட் எடையும் ரெண்டு ஆள் எடையும் சேர்ந்து நின்ன இடத்துல இருந்து இழுக்கும்போது கிளட்ச் கூட நேரம் வழுக்கிக்கிட்டே பிடிக்கும், அதான் ஷூ சூடாகி கண்ணாடி மாதிரி ஆயிரும். புறப்படும்போது வண்டி உதறினா அதுதான்.

சேஸிஸ் நல்லா இருந்தா உங்க தம்பி கட்சி. இல்லைன்னா மைனி கட்சி.

பின்சீட்டு / ஜூன் 6, இரவு 8.10

மைனி கட்சிதான் ஜெயிக்கும்னு நீங்க சேஸிஸைத் தட்டாமலே சொல்லலாம் அண்ணாச்சி.

கொக்கிரகுளம் / ஜூன் 7, காலை 10.30

கிட் மாட்டுறதுக்கு முன்னால காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52படி பதிவுல உள்ளதை மாத்தி வண்டியைத் திருத்தக் கூடாது, மாற்றுத்திறனாளிக்காகத் திருத்துறதுக்குத் தனி வழி உண்டு. முன்னாடி "இன்வேலிட் கேரேஜ்"னு இருந்த வகை, 2019 திருத்தத்துக்குப் பொறவு "அடாப்டட் வெஹிக்கிள்" ஆயிருக்கு. அந்த விளக்கத்துல "அவரால் அல்லது அவருக்காக" மட்டும் ஓடுத வண்டின்னு இருக்கு. காய்கறி லோடு அடிக்கக் கொடுத்து வாங்காதீங்க.

ஆர்.சி.யில மாற்றம் ஏறலைன்னா விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பிடிக்கிறது அந்த இடத்தைத்தான். ஏறியிருந்தா சொந்தச் சேதப் பிரீமியத்துல சலுகையும் கேட்டு வாங்கலாம். லைசென்ஸும் அதே வகையில எடுக்கணும், டெஸ்டுக்கு உங்க வண்டியையே கொண்டு போங்க. புது வண்டின்னா பதிவு விண்ணப்பமான ஃபார்ம் 20ல உரிமையாளர் வகைன்னு ஒரு இடம் இருக்கு, 2020ல இருந்து அதுல மாற்றுத்திறனாளின்னு குறிக்கலாம். ஷோரூம்ல அவசரத்துல "தனிநபர்"னு போட்டுருவாங்க, கையெழுத்துக்கு முன்னால பாத்துக்கிடுங்க.

வாங்குறதுக்கு முன்னால கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. இணைப்புச் சக்கரம் பொருத்தின பெட்ரோல் ஸ்கூட்டர் அரசே கொடுக்குத திட்டம் இருக்கு. தகுதி இருந்தா மனுக் கொடுத்து வைங்க.

சமாதானபுரம் / ஜூன் 7, மதியம் 12.00

ஓட்டுறது எப்படி? நான் சின்ன வயசுல டிவிஎஸ் 50 ஓட்டியிருக்கேன்.

மேலப்பாளையம் பட்டறை / ஜூன் 7, இரவு 9.50

அதை மறந்துருங்க. ரெண்டு சக்கரத்துல வேகமாப் போகும்போது வலதுபக்க ஹேண்டிலை லேசா முன்னால தள்ளினா வண்டி வலது பக்கம் சாய்ஞ்சு வலது பக்கமே திரும்பும். இதுல சாயாது, தள்ளினா இடது பக்கம் போயிரும். கை பழக்கத்துல தள்ளும், வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும், ஆள் பதறுவாரு. டூவீலரே ஓட்டாத ஆள் இதை ரெண்டு நாள்ல பழகிருவாங்க. ஓட்டினவங்களுக்கு ஒரு வாரம்.

வளைவுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைங்க, வளைவுக்குள்ள பிரேக் வேண்டாம். இடது வளைவுல உடம்பு வலது பக்கம் தள்ளப்படும், இடது சைடு வீல் லேசாத் தூக்கும். ரெண்டு பேரும் உள்பக்கம் சாயணும். பின்னால உட்காருதவங்க வெளிப்பக்கம் சாய்ஞ்சா ஓட்டுறவர் என்ன செஞ்சும் பிரயோசனம் இல்லை.

வேகத்தடையை நேரா ஏறுங்க. டூவீலர்காரன் மாதிரி ஓரத்துச் சந்துல ஒதுங்கினா ஒரு சைடு வீல் தடை மேல, மத்தது பள்ளத்துல. குழியைக் காலுக்கு நடுவுல விடுத வித்தையும் இங்க செல்லாது, நடுவுல சக்கரம் இருக்கு. நடுச் சக்கரத்துக்கும் சைடு வீலுக்கும் இடையில உள்ள சந்துல குழி போகணும், அதுக்கு ஒரு மாசமாவது கண் பழகணும்.

பாவூர்சத்திரம் / ஜூன் 8, காலை 7.30

காத்தைச் சொல்லலையே. ஆனி ஆடியில கயத்தாறு, வள்ளியூர், பணகுடி ரோட்டுல மேக்க இருந்து அடிக்கிற காத்து காத்தாடியைச் சுத்துத காத்து. டூவீலர்காரன் காத்துக்கு எதிரே சாய்ஞ்சு சமாளிப்பான். சைடு வீல் வண்டி சாயாது, அப்படியே கெழக்க நகரும். லாரியை ஒட்டிப் போறப்போ காத்து நின்னு, லாரி தாண்டினதும் மறுபடி அடிக்கும்லா, அந்த இடத்துல ஹேண்டில் இறுக்கமா இருக்கணும். டோல்கேட் ஓரத்து டூவீலர் சந்துல அகலம் பாக்காம நுழைஞ்சுராதீங்க. ரிவர்ஸ் கியர் இல்லைன்னா பின்னால நிக்கிற பத்து வண்டியும் ஹாரன் அடிக்கும்.

பின்சீட்டு / ஜூன் 8, காலை 8.00

ரிவர்ஸ் கியர் இல்லைன்னா ரிவர்ஸ் கியர் யாருன்னு எங்களுக்குத் தெரியும். பின்னால இருக்குதவதான் இறங்கித் தள்ளணும். கிட் வாங்கும்போதே ரிவர்ஸ் உள்ளதாக் கேளுங்க, கூட ஆகுத காசு எங்க முழங்காலுக்கு.

ஜங்ஷன் சுமை / ஜூன் 9, இரவு 11.00

சென்னைக்குக் கொண்டு போறதை யாரும் தொடலை. ரெண்டு வழி.

ரயில்: நெல்லை எக்ஸ்பிரஸ் இங்க திருநெல்வேலியில இருந்தே புறப்படுத வண்டி, பார்சல் ஏத்த நேரம் கிடைக்கும். நடு ஸ்டேஷன்ல ரெண்டு நிமிஷம் நிக்கிற வண்டியில சைடு வீல் ஸ்கூட்டரை ஏத்தப் பாக்காதீங்க. முந்தின நாளே பார்சல் ஆபீஸுக்குப் போய் அகலத்தை அளந்து சொல்லுங்க. ஆர்.சி., அடையாள அட்டை ரெண்டுக்கும் நகல். டேங்கைக் காலி பண்ணணும், கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் எடுக்க மாட்டான். ஹெட்லைட், கண்ணாடி, சைடு வீல் மட்கார்டு எல்லாத்துக்கும் வைக்கோல் வச்சுச் சாக்கு. பேரு, ஊரு, போன் எழுதின அட்டையை ரெண்டு இடத்துல கட்டணும்.

மினி லாரி: டாடா ஏஸ் வண்டி பாடி உத்தேசமா ஏழடி நீளம், நாலே முக்கால் அடி அகலம். ஸ்கூட்டர் ஆறடி. நீளம் கொள்ளும், அகலத்துக்கு உங்க கிட்டை அளங்க. ஏத்துறதுக்கு ரெண்டு பலகை பத்தாது. நடுவுக்கு ஒண்ணு, சைடுக்கு ரெண்டு, ஆக மூணு. பலகையைத் தேடுறதை விட லாரியைப் பின்னால எடுத்து ஒரு மேட்டோட ஒட்டி நிப்பாட்டிட்டா பாதி வேலை முடிஞ்சுது. வாய்க்கால் கரை, பழைய குடோன் திண்டு, எது கிடைக்குதோ அது.

ஜங்ஷன் சுமை / ஜூன் 9, இரவு 11.20

கட்டுறதுல தப்புதான் அதிகம். கயிற்றை ஷாக்குல கட்டாதீங்க, கண்ணாடிக் கம்பியில கட்டாதீங்க. முன்னால ஹேண்டில் கழுத்துக்குக் கீழ ரெண்டு பக்கம், பின்னால கிட் பிரேம்ல ரெண்டு பக்கம், நாலு மூலைக்கும் இழு. முன் ஷாக் பாதி அமுங்குத வரைக்கும் இறுக்கினாப் போதும். முழுசா அமுக்கினா ஆயில் சீல் போயிரும். கியர் இல்லாத வண்டி, எஞ்சின் பிடிச்சு நிறுத்தாது. பிரேக் லாக்கைப் போட்டுட்டு, முன்னும் பின்னும் கட்டை வைங்க. கோவில்பட்டி தாண்டினதும் ஒரு தடவை நிறுத்திக் கயிற்றைப் பாருங்க, புதுக் கயிறு முதல் ஒரு மணி நேரத்துல தளரும்.

மேலப்பாளையம் பட்டறை / ஜூன் 10, காலை 6.30

கிட்டைக் கழற்றி ரயில்ல போடலாமேன்னு ஒருத்தர் போன்ல கேட்டாரு. கழற்றலாம். எழும்பூர்ல இறக்கினதும் ரெண்டு சக்கரத்துல அவர் எப்படி வீட்டுக்குப் போவாரு? நிறையக் கிட்டுக்கு சென்டர் ஸ்டாண்டையும் எடுத்திருப்பாங்க, நிறுத்தக்கூட முடியாது.

பஞ்சர் பத்தியும் ஒரு வார்த்தை. சைடு வீல் பஞ்சர் சுலபம். நடுச் சக்கரத்தைக் கழற்ற சைலன்சரை எடுக்கணும், கிட் பிரேமும் மறிக்கும். டியூப்லெஸ் டயர்னா கழற்றாமலே பிளக் அடிச்சுக்கலாம். பிளக் செட்டும் சின்ன பம்பும் சீட்டுக்கு அடியில கிடக்கட்டும். காத்து: முன்னால 22, நடுவுல ரெண்டு பேருக்கு 36. சைடு வீலுக்கு 36 வேண்டாம், கல்லு மாதிரி குதிக்கும். 25 போதும், ரெண்டு பக்கமும் ஒரே அளவு.

சமாதானபுரம் / ஜூன் 22, மாலை 5.45

சேஸிஸ் மந்தமாச் சத்தம் போட்டுது. புது 6ஜி, தனி ஷாக் கிட், ரிவர்ஸ் கியர், மாத்துறதுக்கு அனுமதியும் வாங்கியாச்சு. இன்னைக்கு எடை பாத்தோம். இடது 31, வலது 14. கிட் கோணலா?

மேலப்பாளையம் பட்டறை / ஜூன் 22, மாலை 6.00

மைனி ஒருபக்கமா உட்கார்ந்திருந்தாகளா?

சமாதானபுரம் / ஜூன் 22, மாலை 6.05

ஆமா. சேலை.

பின்சீட்டு / ஜூன் 22, மாலை 6.10

தினமும் அப்படித்தான் போவாகன்னா இடது டயர் சீக்கிரம் தேயும், வளைவுல ஆட்டமும் கூடும். சுடிதார் போட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லி மறுபடி பாருங்க. முடியாதுன்னா அந்த இருப்புக்கே ஷாக்கைச் சரி பண்ணணும், அப்போ நீங்க தனியாப் போறப்போ வலது பக்கம் பாரம் கூடும். எதுன்னு வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க.

சமாதானபுரம் / ஜூன் 22, இரவு 8.20

பேசியாச்சு. இடது 22, வலது 20.

மேலப்பாளையம் பட்டறை / ஜூன் 22, இரவு 8.25

அப்படியே டைட் பண்ணுங்க. தலையில 8.8னு பலக் குறியீடு போட்ட போல்ட்டு, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு. நூறு கிலோமீட்டர் ஓடினதும் எல்லாத்தையும் மறுபடி ஒரு பிடி பிடிக்கணும், பெயிண்ட் நசுங்கி நட்டு தளர்ந்திருக்கும்.